வீட்டிலே கட்டும் சிறு விமானம்: அதன் பழுதும் பழுது நீக்கமும்

ஆகாய விமானத்தை அண்ணாந்து பார்த்துப் பழகியவர்களே நாம். அதனை மேசைமீது கிடத்தி, அதன் உடைந்த வாலை ஒட்டிக்கொண்டிருந்த மாணவர்களை நமது வட்டாரத்து நடுநிலைப் பள்ளி ஒன்றிற் கண்டபோது, இப்பாடத்தை எழுத வேண்டுமென்ற எண்ணம் நமக்கு உண்டாயிற்று. தரையிலிருந்து வானொலி அலையால் இயக்கப்பெறும் சிறு விமானத்தை வீட்டிலேயே கட்டுவது எங்ஙனம், விழுந்து உடைந்தால் அதனைச் சீர் செய்வது எங்ஙனம் என்பதே ஈண்டுக் கூறப்படும் பொருள். கட்டுவதினும் சீர் செய்வதைப்பற்றியே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். கட்டிய விமானம் ஒவ்வொன்றும் என்றேனும் ஒரு நாள் விழும். விழுந்த பின் அது அலமாரிக்குப் போவதும் மீண்டும் வானிற்குப் போவதும், சீர் செய்யத் தெரிந்தவர் அங்கே இருப்பதைப் பொறுத்தனவாகும்.

இவ்வேலை இன்று நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்க நாட்டில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த வால்டர் குட், வில்லியம் குட் என்ற சகோதரர்கள், தாமே கட்டிய ‘கஃப்’ என்னும் மாதிரி விமானத்தை 1937ஆம் ஆண்டிலேயே வானொலி வழியாக இயக்கிப் பறக்கவிட்டனர். அவ்விமானம் இன்றும் வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகத்தின் உடைமையாக இருந்து வருகிறது. அக்காலத்தில் வால்வுகளையும் கனத்த மின்கலங்களையும் சுமந்து செல்லப் பெரிய இறக்கை வேண்டியிருந்தது. இக்காலத்திலோ வாங்கும் கருவி ஒரு தீப்பெட்டியளவே இருக்கின்றது. ஆகவே, அட்டைப்பெட்டியில் வரும் தெர்மோகோலைக் கொண்டே விமானம் கட்டுவது இயல்வதாயிற்று.

இதனால் கிராமத்திற்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. மகளிர் சுய உதவிக் குழுக்களில் 15,000 குழுக்களுக்கு டிரோன் வழங்கும் திட்டத்திற்கு 2023ஆம் ஆண்டு நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. வயலில் மருந்து தெளிக்கும் அவ்வியந்திரத்திற்கும், நாம் கூறப்போகும் தெர்மோகோல் விமானத்திற்கும் உருவம் வேறு. ஆனால் மோட்டார், வேகக் கட்டுப்படுத்தி, லித்தியம் பேட்டரி, விசிறி ஆகிய உறுப்புகள் இனத்தால் ஒன்றே. சிறியதில் பழகிய கை பெரியதிற்கு அஞ்சாது.

உடலும் இறக்கையும்

முதல் விமானத்திற்கு ஏற்ற அளவுகளைத் தருகிறோம். இறக்கையின் நீளம் 110 செ.மீ.; அகலம் 20 செ.மீ. பரப்பு 22 சதுர டெசிமீட்டர் ஆகிறது. பறக்கும் நிலையில் மொத்த எடை 550 கிராமுக்குள் அடங்கினால், ஒவ்வொரு சதுர டெசிமீட்டரும் 25 கிராம் சுமக்கும். இச்சுமை குறையக் குறைய விமானம் மெதுவாகப் பறக்கும். மெதுவாகப் பறந்தாலன்றிப் புதிதாகப் பழகுபவருக்கு யோசிக்க நேரம் இராது.

எழுதுபொருட் கடையில் விற்கும் 12 மில்லிமீட்டர் தெர்மோகோல் தகடு போதுமானது. முழு அகலத்தில் ஒரு தகட்டை வெட்டி, அதன் மேல் முன்விளிம்போடு பொருந்துமாறு பாதி அகலத்தில் மற்றொரு தகட்டை ஒட்டுக. மேற்புறத்தில் ஒரு படி போன்ற அமைப்பு உண்டாகும். விமானக் கலை வல்லுநர் விரும்பும் வளைந்த வடிவம் அன்றாயினும், சிறு விமானத்தை இது நன்றாகவே தாங்கும். தொடங்குபவர் இதனை ஒரே நாளில் செய்து முடிக்கலாம். இரு தகடுகளுக்கும் இடையே, முன்விளிம்பிலிருந்து 6 செ.மீ. தள்ளி, சீவிய மூங்கிற் பிளாச்சு ஒன்றைப் பதித்தல் வேண்டும். வீட்டுக்கு உத்தரம் எப்படியோ இறக்கைக்கு இஃது அப்படி.

இறக்கை முழுதும் நேராக இருத்தல் ஆகாது. நடுவில் வெட்டி, இரு நுனிகளும் நடுப்பகுதியைவிட 5 செ.மீ. உயர்ந்திருக்குமாறு சாய்த்து ஒட்ட வேண்டும். மூங்கிற் பிளாச்சையும் அவ்வாறே இரு துண்டாக்கி, நடுவில் சிறு மரப்பட்டை வைத்து இணைக்க. காற்று ஒரு பக்கத்தைத் தூக்கினால் விமானம் தானே நிமிர்ந்துகொள்வதற்கு இச்சாய்வே காரணம். இது இருப்பின் இறக்கையில் அசையும் பலகை தேவையில்லை. வாலிலுள்ள சுக்கானும் கிடைப்பலகையும், மோட்டாரின் வேகமும் ஆகிய மூன்றையே கையாண்டு ஓட்டலாம்.

பசையில் ஓர் எச்சரிக்கை. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையே தெர்மோகோலுக்கு ஏற்றது. செருப்பு ஒட்டும் ரப்பர்ப் பசையும், நொடியில் ஒட்டும் ஃபெவிக்விக் போன்றனவும் தெர்மோகோலை அரித்து ஓட்டையாக்கிவிடும். அவசரப்பட்டவர் ஒருவரின் இறக்கையில் விரல் நுழையும் குழி விழுந்ததை நாம் கண்டதுண்டு. வெள்ளைப் பசைக்கும் ஒரு குறை உளது. இரு தகடுகளுக்கிடையே காற்று புகாமையால் அது காய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். பொறுமையின்றி அசைத்தால் இறக்கை முறுக்கிக்கொள்ளும்; முறுக்கிய இறக்கை விமானத்தை எப்பொழுதும் ஒரே பக்கம் சாய்க்கும்.

மின் கருவிகள்

2212 என்ற எண்ணுடைய மூன்று கம்பி மோட்டார் நம் நாட்டில் எளிதிற் கிடைக்கிறது. எடை ஏறத்தாழ 50 கிராம். அதன்மீது 1000 கே.வி. என்று பொறித்திருப்பதைப் பார்த்து ஆயிரம் கிலோவோல்ட் என மயங்கலாகாது. சுமையின்றிச் சுழலும்போது வோல்ட் ஒன்றுக்கு நிமிடத்தில் 1000 சுற்று என்பதே அதன் பொருள். மூன்று கல பேட்டரி 11.1 வோல்ட் தருவதால் 11,000 சுற்றுக்கு மேல் ஓடும். அதனுடன் 30 ஆம்பியர் வேகக் கட்டுப்படுத்தியும், சுக்கானுக்கு ஒன்றும் கிடைப்பலகைக்கு ஒன்றுமாக 9 கிராம் சர்வோ இரண்டும், கையில் வைத்து இயக்கும் டிரான்ஸ்மிட்டரும் அதன் ரிசீவரும் வேண்டும். மோட்டார் எதிர்த்திசையிற் சுழன்றால் அதன் மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை மாற்றி இணைத்தால் போதும். இச்சோதனைகளையெல்லாம் விசிறியைக் கழற்றி வைத்துவிட்டே செய்க. அச்சிறு விசிறி விரலைத் துண்டாக்க வல்லது.

சர்வோவின் அசைவு சரியான பக்கம் உள்ளதா என்பதை விமானத்தின் பின்னால் நின்று பார்க்க வேண்டும். கோலை வலப்புறம் தள்ளினால் சுக்கான் வலப்புறம் திரும்புதலும், கோலைத் தன்பால் இழுத்தால் கிடைப்பலகை மேல் எழும்புதலும் முறை. இதனைப் பாராது பறக்கவிட்டு, முதல் நொடியிலேயே தரையில் மோதியோர் பலர்.

பேட்டரியைப்பற்றிச் சொல்லும்போது நாம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. லித்தியம் பாலிமர் கலம் ஒன்று முழு நிறைவில் 4.2 வோல்ட், அதற்குமேல் ஏற்றினால் தீப்பற்றக்கூடும். 3.5 வோல்ட்டிற்குக் கீழே இறங்கவிடாது தரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். 2200 மில்லி ஆம்பியர் மணி கொண்ட பேட்டரிக்கு 2.2 ஆம்பியருக்கு மேற்படாத மின்னோட்டத்தில், மூன்று கலங்களையும் சமமாக நிரப்பும் சார்ஜரைக் கொண்டே மின்னேற்றுக. கூரை வேய்ந்த வீட்டிற்குள்ளும், வைக்கோற்போர் அருகிலும், இரவில் உறங்கும்போதும் மின்னேற்றுதல் கூடவே கூடாது. திண்ணைக்கு வெளியே, மணல் பரப்பிய மண்சட்டியில் வைத்து, ஒருவர் அருகிலிருந்து பார்த்துக்கொள்ளட்டும். பல நாள் பறக்கவிடாதிருப்பின் கலத்திற்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி வைக்க வேண்டும். உப்பிய பேட்டரியை மீண்டும் பயன்படுத்தலாகாது. குப்பையில் எறியாமல் மின்னணுக் கழிவு பெறுவோரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

ஈர்ப்பு மையம்

எல்லாவற்றையும் பொருத்திய பின், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 செ.மீ. வரை தள்ளி இரு பக்கமும் அடிப்புறத்தில் சுட்டுவிரலை வைத்து விமானத்தைத் தூக்குக. அது மூக்குச் சற்றே தாழ்ந்தோ, மட்டமாகவோ நிற்க வேண்டும். வால் தாழுமாயின் பறக்கவிடவே வேண்டா. மூக்குக் கனத்த விமானம் சோம்பலாகவேனும் பறக்கும்; வால் கனத்ததோ எவர் கைக்கும் அடங்காது.

இதன் கணக்கு தராசுக் கோலின் கணக்கே. தூக்குப் புள்ளியிலிருந்து வால் 60 செ.மீ. பின்னும், மூக்கு 20 செ.மீ. முன்னும் இருப்பதாகக் கொள்வோம். வாலில் 10 கிராம் கூடினால் அதன் திருப்புமை 600. அதனை ஈடுசெய்ய மூக்கில் 30 கிராம் வைக்க வேண்டும். ஆக 10 கிராம் பசை பூசியவர் விமானத்தின்மீது 40 கிராம் ஏற்றியவராகிறார். பின்வரும் நிகழ்ச்சியைப் புரிந்துகொள்ள இக்கணக்கு உதவும்.

பள்ளியில் நடந்தது

முதலிற் கூறிய பள்ளிக்கு, வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது மோட்டார் முதலிய கருவிகளை நன்கொடையாக அளித்தார். அறிவியல் ஆசிரியர் எட்டாம் வகுப்பு மாணவரைக் கொண்டு மேற்சொன்ன அளவிலே உடலைக் கட்டினார். எடை 540 கிராம். முதல் நாள் நன்றாகப் பறந்து, இறங்கும்போது வரப்பில் தட்டி வால் முறிந்தது. மாணவர்கள் ஊக்கத்தோடு இரு தடித்த மூங்கிற் பட்டைகளை வைத்து, பிரவுன் டேப்பைச் சுற்றுச் சுற்றாகச் சுற்றி, வாலை முன்னினும் உறுதியாக்கினர். மறுவாரம் கையைவிட்டுப் புறப்பட்ட விமானம் மூக்கைத் தூக்கி, செங்குத்தாக எழும்பி, நின்று, தலைகீழாக விழுந்து இறக்கை இரண்டாயிற்று. காற்றின் குற்றம் என்று எல்லாரும் முடிவு செய்தனர்.

அச்சமயத்தில் அப்பள்ளிக் கட்டடத்தின் மராமத்தைப் பார்வையிட நாம் சென்றிருந்தோம். மூலையிற் கிடந்த துண்டுகளைக் கண்டு, “இதை உடைத்தது யார்? இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா?” என்று கேட்டுவிட்டோம். வேறு நினைவின்றிக் கேட்ட கேள்விதான். ஆனால் அதிகாரியின் வாயிலிருந்து வரும் கேள்விக்கு வேறொரு கனம் உண்டு என்பதை நாம் அன்று எண்ணவில்லை. ஆசிரியர் அஞ்சினார், அன்றைக்கே எல்லாவற்றையும் காகிதத்திற் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஓராண்டுக்குப் பின் வேறு வேலையாக மீண்டும் சென்றபோது, விமானம் என்னவாயிற்று என வினவினோம். “உள்ளேதான் பத்திரமாக இருக்கிறது, ஐயா” என்றார். திறந்து பார்த்தோம். பேட்டரி முழு மின்னேற்றத்தோடு வைக்கப்பட்டிருந்தமையால் உப்பிப் போயிருந்தது. பறந்து தேய வேண்டிய பொருள் பூட்டி வைத்ததால் பாழாயிற்று. அந்நட்டத்தில் நமக்கும் பங்குண்டு என்பதை ஆசிரியரிடமே ஒப்புக்கொண்டோம்.

பின்பு மளிகைக் கடையிலிருந்து மின்தராசு ஒன்றை இரவல் வாங்கி, ஒட்டுப் போட்ட வாலில் கூடியிருந்த மூங்கிலையும் டேப்பையும் பசையையும் எடுத்து மாணவர் நிறுத்தனர். 18 கிராம் இருந்தது. 18ஐ 60ஆற் பெருக்கி, மொத்த எடையாகிய 558ஆல் வகுத்தால், ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 2 செ.மீ. பின்வாங்கியிருந்ததென்பது கரும்பலகையிலேயே வெளிப்பட்டது. 6 செ.மீ.யில் நிற்க வேண்டியது 8 செ.மீ.க்குப் போய்விட்டது. காற்றின்மீது ஓராண்டாகச் சுமத்திய பழி அன்று நீங்கிற்று.

பழுது நீக்கும் முறை

விழுந்த விமானத்தை நோக்கி ஓடுமுன் வேகக்கோலை முற்றிலும் கீழே இறக்குக. அருகிற் சென்றதும் முதலில் பேட்டரி இணைப்பைப் பிரிக்க வேண்டும். பிறகே மற்றவற்றைத் தொடலாம். அடிபட்ட பேட்டரியைத் தனியே மணலில் வைத்து, சூடேறுகிறதா, உப்புகிறதா என்று அரைமணி நேரமேனும் கவனித்தல் நலம். தெர்மோகோல் துணுக்குகளை ஒன்று விடாமல் பொறுக்கிக்கொள்க. முறிந்த முகம் இரண்டும் ஒன்றோடொன்று பல்லும் பல்லுமாகப் பொருந்துமாயின், அதனைவிடச் சிறந்த இணைப்பை எவராலும் வெட்டிச் செய்ய முடியாது. முறிவைக் கத்தியால் சமப்படுத்த முயல்பவர் இவ்வசதியை இழக்கிறார்.

ஒட்டுமுன் காரணத்தைத் தேட வேண்டும். அது இம்முறையின் கடினமான பகுதி. இதைத்தான் நாம் எல்லாரும் தாண்டிச் செல்ல விரும்புகிறோம். சுக்கானின் கம்பி கழன்றதா? பேட்டரி கட்டு நழுவிப் பின்னே நகர்ந்ததா? சர்வோவைக் கையால் மெல்ல அசைக்கும்போது பற்கள் நறநறக்கின்றனவா? பார்த்தவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டு எழுதிக்கொண்டால், விமானம் கடைசி நொடியில் என்ன செய்தது என்பது தெளிவாகும்.

இறக்கை முறிவிற்கு மெல்லியதாகப் பசை தடவி, மட்டமான தரையில் இருபுறமும் புத்தகப் பாரம் வைத்துக் காயவிடுக. கை முறிந்தவருக்குச் சிம்பு வைத்துக் கட்டுவதுபோல, முறிவின் குறுக்கே, மேலும் கீழுமாக, ஈர்க்களவு மூங்கில் இரண்டு பதித்தல் போதும். சிம்பு முறிவிற்கு இருபுறமும் ஒரு சாண் நீளவேண்டுமேயன்றித் தடிக்க வேண்டியதில்லை. காய்ந்தபின் விமானத்தைப் பின்னாலிருந்து கண்மட்டத்தில் நோக்குக. இரு இறக்கைகளின் பின்விளிம்பும் ஒரே சாய்வில் தெரிய வேண்டும்.

விசிறி சிறிது வெடித்திருந்தாலும் ஒட்டாதீர்கள். எறிந்துவிட்டுப் புதிது மாட்டுக. மோட்டாரின் அச்சு வளைந்திருப்பின், கையால் சுற்றும்போது விசிறியின் இரு நுனிகளும் ஒரே இடத்தைக் கடவா. அத்தகைய மோட்டாரை ஓட்டினால் அதிர்ச்சியால் ஈயப் பற்றெல்லாம் விட்டுப்போகும். கம்பி இணைப்புகளை வெறுமனே முறுக்கி டேப் சுற்றும் பழக்கம் வேண்டா. ஈயம் வைத்துப் பற்றவைக்கக் கற்றுக்கொள்ளட்டும். வீட்டிலுள்ள கைவிளக்கும் ரேடியோவும்கூட அதனாற் பிழைக்கும்.

முடிவில் மீண்டும் தராசு. பழைய எடை, புதிய எடை, தூக்குப் புள்ளி ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்க. நமது பள்ளி மாணவர் பழைய வாலைப் பிரித்து, மெல்லிய ஈர்க்கு வைத்து ஒட்டியதில் கூடியது 6 கிராமே. அதற்கு மூக்கில் ஈயம் எதுவும் வைக்கவில்லை. 180 கிராம் எடையுள்ள புதிய பேட்டரியை இரண்டு செ.மீ. முன்னே தள்ளிக் கட்டினர்; கணக்குச் சரியாயிற்று.

இடமும் விதியும்

2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் அறிவிக்கப்பெற்ற டிரோன் விதிகள் கல்விக்காகவும் பொழுதுபோக்கிற்காகவும் கண்ணுக்கெட்டிய தூரத்திற்குள் பறக்கவிடும் மாதிரி விமானத்தையும் குறிப்பிடுகின்றன. 250 கிராமுக்கு மேல் 2 கிலோகிராம் வரையுள்ளது நுண் வகை. வணிக நோக்கமின்றி அதனைப் பறக்கவிடுவோருக்கு விமானி உரிமம் தேவையில்லை. ஆனால் வான்பரப்பு பச்சை, மஞ்சள், சிவப்பு என வகுக்கப்பட்டுள்ளது. பச்சைப் பகுதியிலும் 400 அடி உயரமே எல்லை. விமான நிலையத்திற்கு 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள இடங்களில் 200 அடி. பதிவு முதலியவற்றிற்கு, நடைமுறையிலுள்ள விதியையே நேரிற் படித்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டார் சொல் போதாது.

அறுவடை முடிந்த வயலும் கோடையில் வற்றிய ஏரியும் ஏற்ற இடங்கள். மின்கம்பியும் சாலையும் அண்மையில் இருத்தலாகாது. ஆனி, ஆடிக் காற்றில் முதற்பாடம் வேண்டா. விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும்போது, டிரான்ஸ்மிட்டரை முதலிலும் விமானத்தைப் பின்னரும் இயங்கச் செய்க. அணைக்கும்போது இம்முறையைத் தலைகீழாக்குக. அலைத்தொடர்பு அறுந்தால் மோட்டார் தானே நிற்குமாறு அமைத்திருக்கிறதா என்பதை, விசிறியைக் கழற்றிய நிலையில், டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்துச் சோதிக்க வேண்டும். மோட்டாரை ஓட்டாமல் புல்தரைமேல் ஓரிரு முறை சறுக்கவிட்டுப் பார்த்த பின்னரே, காற்றை எதிர்நோக்கி மட்டமாக எறிந்து புறப்பட விடுக.

பங்குனியில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு அப்பள்ளி விமானம் ஏரிக்குள்ளிருந்து மீண்டும் எழும்பியது. ஏழு நிமிடம் பறந்தது. இறங்குகையில் கருவேல முள்ளில் மாட்டி இறக்கையில் இரண்டு கீறல் விழுந்தன. ஆசிரியர் இருப்புப் பதிவேட்டில் அவ்விமானத்திற்குரிய வரியில், ‘பழுது’ என்று முன்பு எழுதியிருந்ததன் கீழே, ‘பழுது நீக்கப்பட்டது, எடை 546 கிராம், உபயோகத்தில் உள்ளது’ என்று எழுதித் தேதியிட்டு, நம் கையொப்பத்திற்கு நீட்டினார். கட்டடத்தைத் தவிர அப்பதிவேட்டில் கையெழுத்திட நமக்கு அதிகாரமில்லை என்பதைச் சொல்லி, தலைமை ஆசிரியரிடம் அனுப்பினோம்.